மாஸ்க்வா-5: படத்தின் இடப்பக்கம் மட்டும் ஏன் மங்குகிறது?

வாசகர் கேள்வி: "மாஸ்க்வா-5 என்ற பழைய சோவியத் மடக்குக் கேமரா ஒன்று கைக்கு வருகிறது. விலையும் பரவாயில்லை. ஆனால் விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு. சோவியத் லென்ஸ், ஓரம் மங்கும்; எப்படியும் ஜெர்மன் கேமரா சூப்பர் இகோண்டாவின் நகல்தான், அதற்கு அசலையே வாங்கிவிடு என்கிறார்கள். வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்."

11 பிப்ரவரி 2024

என்னிடம் ஒன்று இருக்கிறது. நகல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஜெய்ஸ் இகானின் சூப்பர் இகோண்டாவை அப்படியே பார்த்துச் செய்தது. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை போர் முடிந்த மறுவருடமே, 1946-இல், மாஸ்க்வா-1ஐத் தொடங்கியது. பிறகு ஸோர்க்கி, ஸெனித் என்று பேர் வாங்கிய அதே தொழிற்சாலை. 5 வந்தது 1956-இல், நின்றது 1960-இல். அதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். லென்ஸ் இண்டஸ்டார்-24, 105 மி.மீ., எஃப் 3.5 (எஃப் என்பது லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது). மாஸ்க்வா-2இலும் இதே லென்ஸ்தான்.

120 என்ற அகல பிலிம் ரோல் போட்டால் 6×9 செ.மீ. அளவில் 8 படம். கூடவே வரும் சட்டத்தைச் செருகினால் 6×6 அளவில் 12. என்னிடம் அந்தச் சட்டம் இல்லை. பாதிப் பேரிடம் இருக்காது, வாங்கும்போது கேளுங்கள்.

ஓரம் மங்குமா என்றால், என்னுடையதில் மங்குகிறது. இடப்பக்கம் மட்டும். ஆகவே "சோவியத் லென்ஸ்" பேச்சை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அதே நாள், இரவு

மேலே ஒரு தப்பு. மாஸ்க்வா-2இல் இருப்பது இண்டஸ்டார்-23, 110 மி.மீ., எஃப் 4.5. இரண்டையும் குழப்பிவிட்டேன்.

எழுதி முடித்த பிறகு இன்னொன்று உறுத்தியது. லென்ஸ் மட்டம் என்றால் நான்கு ஓரமும் ஒரே மாதிரி மங்க வேண்டும். கண்ணாடிக்கு இடம் வலம் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது என்றால் குற்றம் லென்ஸில் இல்லாமலும் இருக்கலாம். இத்தனை நாள் இது தோன்றவில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

18 பிப்ரவரி

கேமரா எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்காகப் பீட்டர்ஸ்பர்க் வந்து ஆறு வருடம் ஆகிறது. உதெல்னயா மெட்ரோவை ஒட்டி வாரக் கடைசியில் பழைய சாமான் சந்தை கூடும். நிலத்தில் துணி விரித்து, ஸ்பூன், பேட்ஜ், பூட்டு, பூட்ஸ் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவிடம் வாங்கினேன். அப்பாவுடையது என்றார். எண் 58 என்று தொடங்குகிறது; இந்தத் தொழிற்சாலையின் கேமராக்களில் முதல் இரண்டு இலக்கம் வருடம். தோல் உறை கிழிந்திருந்தது, கேமரா கிழியவில்லை. எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. பொத்தானை அழுத்தினால் மூடி திறந்து லென்ஸ் முன்னால் வந்து 'டக்' என்று நிற்கும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

காசு கொடுத்த பிறகு ஒரு பழுப்புக் கவரையும் நீட்டினார். உள்ளே இருபது, இருபத்தைந்து படங்கள். எல்லாம் 6×9, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டியவை. பெரிதாக்கியவை அல்ல, நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அழுத்தி வெளிச்சம் காட்டிய காண்டாக்ட் பிரிண்ட். 6×9 என்ற அளவுக்கு அர்த்தமே இதுதான். வீட்டில் என்லார்ஜர் வேண்டாம். ஒரு கண்ணாடி, சிவப்பு பல்பு, மூன்று தட்டு, ராத்திரியில் காலியான குளியலறை இருந்தால் ஆல்பத்தில் ஒட்டும் அளவில் படம் தயார். 35 மி.மீ. நெகட்டிவை இப்படி அச்சிட்டால் தபால்தலை மாதிரிதான் வரும். பரப்பைக் கணக்குப் போட்டால் இது அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

24 பிப்ரவரி

இடப்பக்க விஷயம். முதல் சந்தேகம் பிலிம் மேல்தான். மடக்குக் கேமராவைச் சட்டென்று திறந்தால் பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் துருத்தி, காற்றை உறிஞ்சும். பின்னால் இருக்கும் பிலிம் நடுவில் முன்னுக்கு இழுபட்டுத் தொப்பையாக நிற்கும். 6×9 பெரிய பரப்பு, சீக்கிரம் நெளியும். அதனால் முதலில் திறந்துவிட்டு அப்புறம்தான் பிலிமைச் சுற்ற வேண்டும். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு படம் எடுத்ததும் சுற்றி, மூடி, பையில் போடுவது. அடுத்த படத்துக்குத் திறப்பது. யாராவது அப்படிச் செய்தால் இன்றே நிறுத்துங்கள்.

இன்று ஃபோமாபான் 100 பிலிம் ஒரு ரோல். நான்கு படம் பழைய முறையில், நான்கு புதிய முறையில். மைனஸ் 14 டிகிரி. குளிரில் ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நின்றது. உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் உறைந்துவிடுகிறது. கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி எடுக்க வேண்டியிருந்தது.

25 பிப்ரவரி

டெவலப் செய்தாயிற்று. புதிய முறை நான்கிலும் நடுப்பகுதி நன்றாகத் தெளிந்திருக்கிறது. இடப்பக்கம் அதே மங்கல். குற்றம் பிலிமில் இல்லை.

3 மார்ச்

"ரேஞ்ச்ஃபைண்டர் தப்பாக இருக்கும்" என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ஃபோகஸுக்காகத் தூரம் அளக்கும் அமைப்பு, தப்பினால் படம் முழுக்க முன்னேயோ பின்னேயோ போகும், ஒரு பக்கம் மட்டும் போகாது. ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு ஆசை, ஏனென்றால் இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மற்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸ் நகர்வதை ஒரு நெம்புகோல் உடம்புக்குள் கொண்டுபோய் ஒரு கண்ணாடியைத் திருப்பும். மடக்குக் கேமராவில் அது கஷ்டம். லென்ஸ் ஒரு இடத்தில், உடம்பு ஒரு இடத்தில், நடுவே வெறும் துருத்தி. ஜெய்ஸ்காரர்கள் கண்டுபிடித்த வழி: லென்ஸ் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஆப்பு வடிவக் கண்ணாடி வட்டுகள் இரண்டு. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் பற்சக்கரம் வழியாக இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். சுழலச் சுழல, அவற்றின் ஊடாகப் போகும் ஒளி பக்கவாட்டில் வளையும். உடம்பில் இருக்கும் ஜன்னல் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும். லென்ஸுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு கம்பிகூட இல்லை, ஒளி மட்டும்தான் தொடர்பு. லென்ஸைத் தாங்கும் கால்கள் கொஞ்சம் ஆடினாலும் அளவு கெடாது. இதைப் பார்த்துச் செய்ததை "வெறும் நகல்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலையை இரண்டு லட்சம் தடவை சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா?

இன்னொருவர் லுபிதெல் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அது இந்த ஊர்க் கேமரா. லெனின்கிராடின் கோம்ஸ் தொழிற்சாலை, 1949 முதல். மூன்று கண்ணாடி லென்ஸ், 75 மி.மீ., எஃப் 4.5. லேசானது, மலிவானது, எஃப் 11இல் அருமையாக வரும். ஆனால் வியூஃபைண்டரின் நடுவில் இருக்கும் குட்டி மங்கல் வட்டத்தில்தான் ஃபோகஸ் பார்க்க வேண்டும். பழகாமல் தெரியாது. முதல் கேமரா என்றால் அதையே வாங்குங்கள்.

9 மார்ச்

இன்று உட்கார்ந்து அளந்தேன். பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டினேன். ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பூட்டி, எஃப் 3.5. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கிரேன் நிற்கிறது. படம் நடுவில் அதைக் கொண்டுவந்தால் கம்பி கம்பியாகத் தெரிகிறது. கேமராவைத் திருப்பி அதே கிரேனை வலப்பக்க ஓரத்துக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் மென்மை, ஆனாலும் கம்பிகளை எண்ணலாம். இடப்பக்க ஓரத்தில் ஒரே கஞ்சி. எஃப் 11க்கு மூடினேன். கஞ்சி தெளிந்து கம்பி ஆயிற்று.

அடுத்து வெர்னியர் காலிபர். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் தட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் உடம்புக்கு எவ்வளவு தூரம் என்று ஐந்து தடவை அளந்தேன். இரு பக்கத்துக்கும் 0.6 மி.மீ. வித்தியாசம். தட்டின் அகலம் சுமார் 5 செ.மீ. அந்தச் சாய்வைப் பிலிமின் ஓரம்வரை கொண்டுபோனால் அங்கே ஃபோகஸ் கிட்டத்தட்ட அரை மில்லி தள்ளி விழுகிறது. எஃப் 11இல் அரை மில்லியைப் பொறுத்துக்கொள்ளும், எஃப் 3.5இல் பொறுக்காது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போகின்றன.

ஆக, லென்ஸ் நல்ல லென்ஸ். நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி, ஜெய்ஸின் டெஸ்ஸார் லென்ஸின் அமைப்பு. அது உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் சாய்ந்திருக்கிறது. ஆறு மாதம் அதைத் திட்டியிருக்கிறேன்.

என் கையில்தான் கேமராவின் கால் வளைந்திருக்க வேண்டும். போன இலையுதிர் காலத்தில் டிராமில் பை கீழே விழுந்தது.

10 மார்ச்

டிராம் இல்லை போலிருக்கிறது. அந்தக் கவரில் இருக்கும் பழைய படங்களை நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் ஏழெட்டும் கடற்கரை, வெயில், பின்னால் பென்சிலில் 'யால்டா'. இரண்டு பக்கமும் கத்தி மாதிரி இருக்கின்றன. அப்பாடா, அன்றைக்குக் கேமரா நேராக இருந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு வீட்டு உள்படம் வந்தது. 'புத்தாண்டு 1961' என்று எழுதியிருக்கிறது. மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையாக. இடது கோடியில் ஆறேழு வயதுச் சிறுமி, தலையில் பெரிய வெள்ளை ரிப்பன், அவள் தோளை ஒட்டிப் புத்தாண்டு மரம். வலது கோடியில் தாத்தாவின் மீசையில் மயிர் மயிராகத் தெரிகிறது. சிறுமியின் முகம் பஞ்சு.

குழந்தை அசைந்திருக்கலாம். வீட்டு விளக்கில், அந்தக் காலத்து ஸ்வெமா பிலிமில் அரை நொடியாவது கொடுத்திருப்பார்கள். ஆனால் அவள் பக்கத்தில் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளின் மின்னல் புள்ளிகளைப் பார்த்தேன். அசைவு என்றால் புள்ளி கோடாக இழுபடும். இவை சின்ன வட்டமாக விரிந்திருக்கின்றன. கண்ணாடி உருண்டை அசையவும் அசையாது. ஃபோகஸ் தப்பினால்தான் இப்படி.

பிற்பகல்: அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மரம் மற்றவர்களைவிட முன்னால் இருந்திருந்தாலும் இப்படித்தான் விரியும். 105 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. சிறுமியும் ஒரு அடி முன்னால் நின்றிருக்கலாம். இது சாட்சி ஆகாது. தட்டையான ஏதாவது ஒன்றின் படம் வேண்டும்.

17 மார்ச்

கிடைத்தது. கவரின் அடியில், ஒட்டிப்போன இரண்டு படங்களைப் பிரித்தபோது. சாயங்காலம், பனி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ரொட்டிக் கடையின் முகப்பு. நேர் எதிரே நின்று எடுத்தது. சுவர் முழுக்க ஒரே தட்டை. கடைப் பெயர்ப் பலகை இடமிருந்து வலம் ஓடுகிறது. கடைசி எழுத்துகளின் விளிம்பு கூர்மை. முதல் எழுத்து கரைந்திருக்கிறது. அதே பக்கம், அதே மாதிரி.

அப்படியென்றால் யால்டா படங்கள்? அவை நல்ல வெயில், எஃப் 11, 16 என்று மூடி எடுத்தவை. சாய்வு அப்போதும் இருந்திருக்கும், சின்னத் திறப்பு அதை மறைத்துவிட்டது. வெளிச்சம் குறைந்து லென்ஸை முழுக்கத் திறந்த அன்று மட்டும் வெளியே வந்திருக்கிறது. கீழே விழுந்ததோ, தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததோ, அறுபது வருடத்துக்கு மேலாக இந்தக் கேமரா சாய்ந்துதான் நின்றிருக்கிறது.

23 மார்ச்

சந்தைக்குப் போனேன். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். புத்தாண்டுப் படத்தைக் காட்டி, இடது கோடியில் இருப்பது யார் என்று கேட்டேன். "நான்தான். அசையாமல் நிற்கத் தெரியாதவள்" என்றார். ஒவ்வொரு படத்திலும் கலங்கித்தான் இருப்பாராம். இருப்பவர்களில் குட்டி என்பதால் எப்போதும் ஓரத்தில், மரத்துப் பக்கம் நிற்க வைப்பார்களாம். படம் கழுவி வந்ததும் அப்பா, "பார், மறுபடியும் அசைந்துவிட்டாய்" என்பாராம். அடுத்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும், அப்போதும் அப்படியே வந்ததாகவும் சொன்னார்.

பையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். உருண்டைகளைக் காட்டினேன், பிறகு ரொட்டிக் கடைப் பலகையை. என் ரஷ்ய மொழியில் முழுக்கச் சொல்ல வரவில்லை. உள்ளங்கையை நேராக வைத்து, பிறகு கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சுவர்கூட அசைந்திருக்கிறதே" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துத் துணிக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது என்னிடம் இருக்க வேண்டியது இல்லை.

6 ஏப்ரல்

சரி செய்யலாமா, அப்படியே விடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். இங்கேயும் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதியிருந்தீர்கள். "அறுபது வருடச் சாய்வு அந்தக் கேமராவின் சுபாவம், தொடாதே" என்ற வாதம் எனக்கு முதலில் இனித்தது. பிறகு மனசு ஒப்பவில்லை. அந்த அப்பா இதைக் கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கே சரி செய்திருப்பார்.

கால்களை வளைக்கப் பயம்; உடைந்தால் போயிற்று. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் வழி சொன்னார். ஷட்டரைத் தட்டோடு பிடித்திருக்கும் பின்வளையத்தைத் தளர்த்தி, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் அரை மில்லிப் பித்தளைத் தகட்டைப் பிறை வடிவில் வெட்டிக் கொடுத்து, மறுபடி இறுக்கினோம். கிரேன் இப்போது இரண்டு ஓரத்திலும் எண்ண வருகிறது.

ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். தகடு போட்டதில் லென்ஸின் நடுவும் ஒரு நூல் முன்னால் வந்துவிட்டது. முடிவிலி, அதாவது வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸ், தப்பிவிட்டது. ஒரு ரோல் முழுக்க வீண். முன்வளையத்தின் குட்டித் திருகுகளைத் தளர்த்தி, டிரேசிங் பேப்பரில் கிரேனைப் பார்த்து, முன்கண்ணாடியைத் திருப்பி மறுபடி முடிவிலிக்குக் கொண்டுவந்தேன். நாலு சாயங்காலம் போயிற்று.

கேள்வி கேட்டவருக்கு: வாங்கப் போகும்போது ஒரு டிரேசிங் பேப்பர் துண்டும் செல்லோ டேப்பும் சட்டைப் பையில் இருக்கட்டும். 'பி'யில் திறந்து, எஃப் 3.5இல் இரண்டு ஓரத்தையும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசித்துளை இருக்கிறதா என்று இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னல் சிவப்பை உணராத பழைய பிலிமுக்கு வைத்தது. இன்றைய பிலிமுக்கு எண்ணைப் பார்த்ததும் மூடிவிடுங்கள், வெயிலில் கறுப்பு டேப் இன்னும் நல்லது. இதெல்லாம் சரியாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அசலையே வாங்கினாலும் இதே சோதனையைச் செய்யத்தான் வேண்டும்.

23 ஜூன்

வெண்ணிரவுகள். இரவு பதினொன்றுக்கும் புத்தகம் படிக்கலாம், ஆனால் மேகம் போட்டால் படம் எடுக்க லென்ஸை முழுக்கத் திறக்க வேண்டும். அந்த அம்மாவும் அவர் பேரன் பேத்திகளும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஐந்து பேர். எல்லோரையும் கரைச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கச் சொன்னேன். எங்கே நிற்கட்டும் என்று என்னைக் கேட்காமலே அவர் இடது கோடிக்குப் போனார்.

எஃப் 3.5, நொடியில் 25இல் ஒரு பங்கு. இரண்டு படம்.

25 ஜூன்

நெகட்டிவ் காய்ந்துவிட்டது. என்லார்ஜரில் வைக்கவில்லை, கண்ணாடிக்கு அடியில் காண்டாக்ட்தான் போட்டேன், ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி. கண்ணிமை தெரிகிறது. சனிக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோகிறேன். அப்படியே 6×6 சட்டம் யாரிடமாவது இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.